‘ரேஸ்’ என்று எழுதியிருக்கிற கைட் ஏன் மலிவாகக் கிடைக்கிறது? வாங்கலாமா?

காட்பாடி_காத்தாடி · திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ராமேஸ்வரம் போய் கைட்சர்ஃபிங் (பெரிய காத்தாடி இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்குவது) பழகுகிறேன். எடை 68 கிலோ. கையில் இருப்பது பம்ப் போட்டு ஊதுகிற டியூப் கைட் இரண்டு: 9 மீட்டர், 12 மீட்டர் (சதுர மீட்டரைத்தான் அப்படிச் சொல்வோம்). ஆடிக் காற்றில் ஒன்பதே போதும். ஆனால் எனக்கு லீவு கிடைப்பது மார்ச்சிலும் அக்டோபரிலும்தான். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போய் இறங்கினால், அங்கே தென்னை ஓலைகூட அசையாது. போன தடவை மூன்று நாள் கரையில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதனால் மெல்லிய காற்றுக்கு 15 மீட்டர் ஃபாயில் கைட் (டியூப் இல்லாமல், துணி அறைகளில் காற்று நிரம்பி உப்புவது) ஒன்று பழையதாகத் தேடுகிறேன். இரண்டு அகப்பட்டிருக்கிறது. இரண்டும் பெரிய கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே வயது, துணி நிலையும் ஒன்றுதான் என்கிறார்கள். ஒன்றின் விளம்பரத்தில் ‘பெர்ஃபார்மன்ஸ் ஃப்ரீரைடு’ (பந்தயமில்லாமல் சும்மா ஓட்டுவதற்கு) என்று இருக்கிறது, விலை 1.25 லட்சம். இன்னொன்று ‘ரேஸ்’, விலை 85 ஆயிரம். புதுசில் ரேஸ்தான் அதிக விலை. பழசானதும் எப்படித் தலைகீழானது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு எழுத்தைப் பார்த்ததும் மனசு அங்கேதான் ஓடுகிறது. வீட்டில் படத்தைக் காட்டினேன். “யாரோடங்க பந்தயம்?” என்றாள். பதில் இல்லை.

---

தொரப்பாடி_டீக்கடை · திங்கள், இரவு 9:58

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு நம்ம வேலூரைக் கிண்டல் பண்ணுவாங்க. இப்போ கடல் இல்லாத கைட்டா? நடத்துங்க.

---

கோட்டை_அகழி · திங்கள், இரவு 10:05

@தொரப்பாடி_டீக்கடை ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குள் வந்தாச்சு சார். பழமொழியை அப்டேட் பண்ணுங்க.

---

பாம்பன்_காத்து · திங்கள், இரவு 11:20

சொந்த ஊர் குடியாத்தம். இங்கே தீவுப் பக்கம் வந்து ஏழு வருடம் ஆகிறது, கைட்தான் பிழைப்பு. தம்பி கேட்டதற்கு நேராகவே வருகிறேன்.

ரேஸ் என்பது சும்மா ஸ்டிக்கர் இல்லை, அந்தத் துணிக்குள் சில விஷயங்கள் நிஜமாகவே வேறு. ரேஸ் ஃபாயிலை விரித்துப் பார்த்தால் அகலம் நீண்டு, உடல் ஒல்லியாக இருக்கும். அறைகள் அதிகம், துணி மெலிசு, நடுவில் துணியைப் பிடித்து நிற்கும் பிரைடில் நூல்கள் காடு மாதிரி. இப்படிச் செய்வதால் காற்றை எதிர்த்து மேலே போகும் சக்தி கூடுகிறது. அதற்கு விலையும் உண்டு. காற்று விட்டு விட்டு வீசினால் கைட் தலைக்கு மேல் பாய்ந்து முன்னே போய்விடும். நூல் தொய்ந்துவிடும். ஒரு நொடியில் ஓரம் மடிந்து, ரிப்பன் முடிச்சுப் போட்ட மாதிரி நடுவில் சுருண்டு தண்ணீரில் விழும். டியூப் கைட் விழுந்தால் மிதக்கும், ஒரு பக்க நூலை இழுத்தால் எழுந்துவிடும். ஃபாயில் அப்படியில்லை, காற்று புகும் வாய் வழியே தண்ணீரும் மெல்லப் புகும். கொஞ்ச நேரம் விட்டால் நனைந்த போர்வையைச் சுருட்டிக்கொண்டு நீந்திக் கரைக்கு வர வேண்டியதுதான்.

சரி, மலிவு ஏன்? ரேஸ் ஓட்டுகிறவர் அடுத்த வடிவம் வந்ததும் மாற்றிவிடுவார், பழையதை வைத்துக்கொண்டு அவருக்கு லாபமில்லை. வாங்க வருகிறவர் எல்லாம் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். ‘ரேஸ்’ என்று பார்த்ததும் பாதிப்பேர் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். மீதிப் பாதி உன்னைப் போல் மயங்குகிறவர்கள், ஆனால் அவர்கள் கையில் காசு இருக்காது (கோபித்துக்கொள்ளாதே). புதுசில் விலையை ஏற்றிய அதே எழுத்து, பழசில் இறக்குகிறது.

இன்னொன்று. ரேஸ்காரர் நூறு மணி நேரம் ஓட்டினால், இழுவிசையை முழுக்க வாங்கி ஓட்டியிருப்பார். பிரைடிலில் சில நூல் நீண்டிருக்கும், சில உப்பில் சுருங்கியிருக்கும். ‘துணி நிலை ஒன்றுதான்’ என்பதை நம்பாதே. துணியைக் கேட்காதே, நூலைக் கேள்.

---

ஆம்பூர்_அட்டைப்பெட்டி · செவ்வாய், காலை 6:15

எனக்குக் கைட் தெரியாது. லேபிள் தெரியும், அதான் எழுதுகிறேன்.

பதினோரு வருடம் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன். கடைசி மேஜையில் நான்தான் நிற்பேன்: டிஷ்யூ பேப்பரைக் கசக்கி உள்ளே திணிப்பது, நாக்கில் ஒட்டிய பசையைத் துணியால் துடைப்பது, டேக் மாட்டுவது, பெட்டிக்குள் வைப்பது. ஒரு சீசனில் ஒரே மாடல் இரண்டு ஆர்டராக வந்தது. அதே லாஸ்ட் (கால் வடிவ அச்சு), அதே சோல், அதே தோல். ஒன்றுக்குப் பழுப்பு லேஸ், டேக்கில் ‘வாக்கிங்’ என்று பொருள்படுகிற வார்த்தை. இன்னொன்றுக்கு சிவப்பு லேஸ், டேக்கில் மலைப்படம், ‘ட்ரெயில்’. பெட்டியில் அச்சடித்து வந்த விலை வேறு வேறு. மலைப்படம் போட்டதுதான் அதிகம். பழுப்பு லேஸ் தீர்ந்துபோன ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து, “இன்னா பண்றது, மிச்சத்தை சிவப்புல போடு” என்றார். மதியத்துக்குள் நாற்பது ஜோடி ‘வாக்கிங்’ எல்லாம் மலையேற ஆரம்பித்துவிட்டது.

அதுக்காக எல்லா லேபிளும் பொய் என்று சொல்லவில்லை. ‘சேஃப்டி ஷூ’ என்று போட்டால் உள்ளே விரலுக்கு மேல் கெட்டித் தொப்பி இருக்க வேண்டும், எடையைப் போட்டு டெஸ்ட் பண்ணுவார்கள், ஃபெயில் ஆனால் லாட் மொத்தமும் திரும்பும். ஆக நான் கேட்கிற ஒரே கேள்வி: இந்த வார்த்தை பொய்யானால் யாருக்காவது தண்டனை உண்டா? உங்கள் ‘ரேஸ்’ எந்த வகை?

---

காட்பாடி_காத்தாடி · செவ்வாய், காலை 8:30

@ஆம்பூர்_அட்டைப்பெட்டி அண்ணா, ஆபீஸ் பஸ்ஸில் படித்துச் சிரித்துவிட்டேன். நல்ல கேள்வி. யாராவது பதில் சொல்லுங்கள்.

---

ஏலகிரி_14 · செவ்வாய், மதியம் 1:10

பதில் நான் சொல்கிறேன். ‘ரேஸ்’ என்ற வெறும் சொல்லுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. யாரும் எதன்மேலும் அச்சடிக்கலாம். ஆனால் ‘ஃபார்முலா கைட் பதிவு பெற்றது’ (ஒலிம்பிக் கைட் பந்தய வகையின் பெயர் அது) என்றால் அது அண்ணன் சொன்ன சேஃப்டி ஷூ வகை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் கைட் முதல்முறையாகச் சேர்ந்தது, போட்டி நடந்தது மார்சேயில். அதில் ஓட்டுகிற கைட் பதிவுப் பட்டியலில் இருக்க வேண்டும், வரிசை உற்பத்தியில் வந்ததாக இருக்க வேண்டும். பதிவு செய்த பிறகு அந்தக் காலகட்டம் முடியும்வரை கம்பெனி வடிவத்தை மாற்றக்கூடாது. தனக்கென்று தனியாக ஒன்று தைத்துக்கொண்டு போகவும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. ‘ஒலிம்பிக் கைட்’ என்றதும் நமக்கு ஏதோ எட்டாத பொருள் மாதிரித் தோன்றுகிறது. விதி சொல்வதோ நேர் எதிர்: கடையில் எவருக்கும் கிடைக்கிற அதே சரக்கு.

பாராகிளைடரில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே இ.என். என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏ, பி, சி, டி என்று பிரிவு உண்டு. சோதனை ஓட்டுநர் வேண்டுமென்றே இறக்கையை மடியவிட்டு, அது எப்படித் திரும்ப விரிகிறது என்று பார்த்துத்தான் எழுத்துப் போடுவார்கள். கைட்டில் அவசரத்துக்குக் கழற்றிவிடும் ரிலீஸுக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ. 21853 என்று 2020இல் ஒரு தரம் வந்தது. ‘ஈஸி’, ‘ஃப்ரீரைடு’, ‘ரேஸ்’ எல்லாம் கம்பெனி தன் வாயால் சொல்வது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது ஒரு வகை. சந்தையில் எந்தக் கத்தரிக்காயைக் கேட்டாலும் “இலவம்பாடி சரக்கு சார்” என்பது இன்னொரு வகை.

---

சத்துவாச்சாரி_சந்தை · செவ்வாய், மாலை 7:45

மார்க்கெட்டிங்கில் இருப்பவன் என்ற முறையில் ஒரு எதிர்க்குரல். எல்லோரும் லேபிளைப் போட்டுத் துவைக்கிறீர்கள். லேபிளே இல்லாவிட்டால் தம்பி எப்படித் தேர்வு செய்வார்? நாற்பது மாடல் இருக்கிறது, எல்லாமே பிறை வடிவத் துணி. ‘வேவ்’, ‘பிக் ஏர்’, ‘ஃப்ரீரைடு’, ‘ரேஸ்’ என்று நாலு கூடையில் போட்டால்தான் வாங்குகிறவன் பத்து நிமிடத்தில் நாலைந்து மாடலுக்கு வருவான். ஆற்காடு ரோட்டில் ‘ஆம்பூர் பிரியாணி’ போர்டு போட்ட கடையில் ஆம்பூர்க்காரர் ஒருத்தரும் இருக்க மாட்டார். ஆனால் சீரகசம்பா வரும், பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு வரும் என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அவ்வளவுதான் லேபிளின் வேலை.

---

பாம்பன்_காத்து · செவ்வாய், இரவு 10:30

@சத்துவாச்சாரி_சந்தை கூடை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடையே வருடா வருடம் நகர்கிறது சார், அதுதான் சிக்கல். 2005 வாக்கில் போ (வில்) கைட் வந்தது, கப்ரின்ஹா கம்பெனியின் கிராஸ்போ அதில் முன்னோடி. அதுவரை இருந்த சி வடிவக் கைட்டில் காற்று திடீரென ஏறினால் இழுவையைக் குறைக்க வழி அவ்வளவாக இல்லை. போ வந்ததும் கையில் பிடிக்கிற பாரைத் தள்ளினால் இழுவை கிட்டத்தட்ட முழுக்க அடங்கிவிடும். நிஜமான மாற்றம் அது. அப்புறம் ஹைப்ரிட், டெல்டா என்று பெயர்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் வடிவத்தில் ஏதோ காரணம் இருந்தது, ஆனால் வித்தியாசம் தேயத் தேய பெயர் மட்டும் கொழுத்தது.

ரேஸ் விஷயமும் அப்படித்தான். பந்தயம் டியூப் கைட்டில் நடந்த காலத்தில் ‘ரேஸ்’ என்று விற்ற வகையை இன்றைக்கு எந்தப் பந்தயக்காரரும் தொடமாட்டார், மேல்மட்டப் பந்தயம் முழுக்க ஃபாயிலுக்குப் போய்விட்டது. அந்தப் பழைய ‘ரேஸ்’ டியூப்பை இன்று ஓட்டினால் கொஞ்சம் வேகமான ஃப்ரீரைடு, அவ்வளவுதான். எழுத்து அழியவில்லை, பொருள் மாறிவிட்டது. பழசு வாங்கும்போது எந்த வருடத்து ‘ரேஸ்’ என்று கேட்க வேண்டும்.

---

ராணிப்பேட்டைக்காரி · புதன், காலை 7:05

நான் 52 கிலோ. ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: ரேஸ் என்ற லேபிள் கைட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, ஓட்டுகிறவர் யார் என்றும் சொல்லிவிடுகிறது. கேட்லாக்கைத் திறந்தால் ரேஸ் பக்கத்தில் ஹெல்மெட் போட்ட, தொடை பருத்த ஓர் ஆண். ‘ஈஸி’ பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒரு பெண். முதல் வருடம் நானும் அந்தச் சிரிப்பை நம்பி வாங்கினேன்.

என்னைக் காயப்படுத்தியது அந்த ‘ஈஸி’தான். கைட்டைக் குற்றம் சொல்லவில்லை. ‘ஈஸி’ என்று எழுதியிருக்கிறதே என்று நான் காற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. அட்டையில் அந்த அளவுக்கு ‘12 முதல் 25 நாட்’ (காற்று வேக அளவு) என்று போட்டிருந்தது, வீசியது 20, உள்ளேதானே இருக்கிறது என்று இறங்கினேன். அந்த அட்டவணை பெரும்பாலும் 75 கிலோ ஆளை மனதில் வைத்துப் போடுவது என்று அப்புறம்தான் தெரிந்தது. மணலில் இருபதடி இழுத்துப் போனது. இடது முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த வருடம் ஒருவர் தன் ரேஸ் ஃபாயிலை, மிக லேசான காற்றில், பக்கத்தில் நின்று ஓட்டக் கொடுத்தார். பயந்து பயந்து, ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பாக வைத்தது லேபிள் தந்த பயம்தான் என்று நினைக்கிறேன். மார்சேயில் பெண்கள் தங்கம் வாங்கிய பிரிட்டனின் எலி ஆல்ட்ரிஜ் ஓட்டியதும் இதே வகைதான், எந்தப் பக்கத்திலும் அவருக்காகத் தனி இளஞ்சிவப்பு மாடல் தைக்கவில்லை.

தம்பி, உன் கேள்விக்கு: ஃபாயில் இதுவரை ஒருமுறையாவது பறக்கவிட்டிருக்கிறாயா?

---

காட்பாடி_காத்தாடி · புதன், காலை 9:15

@ராணிப்பேட்டைக்காரி இல்லை அக்கா. வீடியோ பார்த்ததோடு சரி.

இன்னொரு சந்தேகம். ரேஸ் கைட்டின் பெயரே விஎம்ஜி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? குதிரைசக்தி மாதிரி ஏதாவதா?

---

ஏலகிரி_14 · புதன், மதியம் 12:50

ஃப்ளைசர்ஃபர் கம்பெனியுடையது. பாய்மரக்காரர்கள் பேசுகிற வார்த்தையை அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். என் யூசர்நேமைப் பார், விளக்கம் அதிலேயே இருக்கிறது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. பொன்னேரியில் கிளம்பினால் பைக் மீட்டர் 40 காட்டும். ஆனால் நீ மலையை நோக்கி நேராகவா போகிறாய்? இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. மீட்டர் காட்டுகிற வேகம் ஒன்று, அத்தனாவூரை நெருங்குகிற வேகம் இன்னொன்று. காற்று வருகிற திசையில் இருக்கும் மிதவையைச் சுற்ற வேண்டுமென்றால் கைட்டும் நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அந்த மிதவையை எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறாய் என்பதுதான் விஎம்ஜி.

பந்தயக்காரருக்கு உயிர்நாடியான எண். கரைக்கு எதிரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து, நடுவில் டீ குடிக்கிற உனக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத எண்ணைப் பெயராக வைத்தும் உன் வாயில் எச்சில் ஊற வைத்துவிட்டார்களே, அதுதான் தொழில் திறமை.

---

பாம்பன்_காத்து · புதன், இரவு 9:00

எல்லோரும் சொல்லை அலசுகிறீர்கள், எண்ணை விட்டுவிட்டீர்கள். ‘15 மீட்டர்’ என்பதும் லேபிள்தான். துணியைத் தரையில் தட்டையாக விரித்தால் வருகிற பரப்பு அது. வானத்தில் வளைந்து நிற்கும்போது காற்றுக்குக் காட்டுகிற பரப்பு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது வளைவைப் பொறுத்தது. அதனால் உன் 12 மீட்டர் டியூப்பையும் 15 மீட்டர் ஃபாயிலையும் பக்கத்தில் வைத்து ‘மூன்று மீட்டர்தானே கூட’ என்று நினைக்காதே. இழுவை அந்தக் கணக்கில் வராது.

வாங்குவதற்கு முன் நூலை அளந்து பார். பிரைடிலின் ஏ, பி, சி வரிசைகளையும் கடைசி பிரேக் வரிசையையும் சேர்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

---

காட்பாடி_காத்தாடி · ஞாயிறு, இரவு 8:20

பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ரேஸ் கைட்காரர் பெங்களூருவிலிருந்து ஊருக்கு வருகிற வழியில் இறங்கினார். விடியற்காலை ஐந்தரைக்குப் பாலாற்று மணலுக்குப் போனோம், வெயில் ஏறினால் நிற்க முடியாது. காற்று மிக லேசு. பையிலிருந்து எடுத்து விரித்தார். டியூப் கைட் மாதிரி பம்ப் அடிக்கிற வேலை இல்லை, வாய்களைக் காற்றுக்குக் காட்டிக் கொஞ்சம் உலுக்கினால் தானாகவே உப்புகிறது, பசுமாட்டு வயிறு மாதிரி. இறக்கையில் குறுக்கே ‘ரேஸ்’ என்று பெரிய எழுத்து. உப்ப உப்ப அந்த எழுத்து நிமிர்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

அவர் பறக்கவிட்டார். ஒன்றுமே வீசாத மாதிரி இருந்த காற்றில் அது சரசரவென்று மேலே போனது. பாரை என்னிடம் கொடுத்தார். ஒரு நிமிடம் சொர்க்கம். அப்புறம் காற்று மூச்சை நிறுத்தியது. நான் பழக்க தோஷத்தில் சும்மா நின்றேன். “பின்னாடி நட, பின்னாடி நட!” என்று கத்தினார். நடப்பதற்குள் இடது ஓரம் உள்ளே மடிந்து, பாம்பன் அண்ணன் எழுதிய அதே ரிப்பன் முடிச்சு. போய் விழுந்தது சீமைக்கருவேலம் புதரில். முள் ஒவ்வொன்றாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. துணியில் ஊசிமுனை அளவு இரண்டு ஓட்டை. அதற்குக் காசு கொடுத்தேன், அவர் வேண்டாம் என்றார், திணித்துவிட்டு வந்தேன்.

நூலையும் அளந்தோம். பக்கத்துக் கல்யாண மண்டபத்துத் தாழ்வாரத்தில் தூணுக்குக் கட்டி இழுத்தோம். பின்வரிசை ஒரு பக்கம் கிட்டத்தட்ட கட்டைவிரல் அகலம் குட்டை. அவருக்கே தெரியாது, “அதான் இடப்பக்கம் இழுத்துச்சா!” என்றார் பாவம்.

வாங்கவில்லை. 1.25 லட்சத்துக்காரரிடமும் நூலை அளக்கச் சொல்லியிருக்கிறேன். ‘ஃப்ரீரைடுக்கு அதெல்லாம் தேவையில்லை சார்’ என்று பதில் வந்திருக்கிறது.

---

ராணிப்பேட்டைக்காரி · ஞாயிறு, இரவு 8:50

தேவையில்லை என்பவரிடம் வாங்காதே. நூலுக்குத் தன் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. மாசி, பங்குனியில் ராமேஸ்வரம் வந்தால் என்னுடைய பழைய ஃபாயிலை ஓட்டிப் பார், சின்னது, சாதுவானது. பெயர் என்ன என்று கேட்காதே, ஸ்டிக்கர் எல்லாம் உப்பில் போய்விட்டது.

---

காட்பாடி_காத்தாடி · ஞாயிறு, இரவு 9:30

ரொம்ப நன்றி அக்கா, கட்டாயம் வருகிறேன். பணம் சேர்க்க என் 12 மீட்டர் டியூப்பை விற்கிறேன், விளம்பரம் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: ‘12 மீ., ஆல்ரவுண்டர், பழகுபவர்களுக்கு மிக ஏற்றது, கொஞ்சமே பயன்படுத்தியது.’

---

பாம்பன்_காத்து · ஞாயிறு, இரவு 9:41

போன அக்டோபரில் அதன் காற்றுப்பையில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தது நான்தான் தம்பி.

---

காட்பாடி_காத்தாடி · ஞாயிறு, இரவு 9:44

சேர்த்துவிடுகிறேன் அண்ணா.